கணித மேதை இராமானுஜனும் விடுபட்ட ஓர் எண்ணும்

எங்கள் கல்லூரிகளின் பேச்சுப் போட்டிகளிலும் சரஸ்வதி பூசை மேடைகளிலும் சீனிவாச இராமானுஜனைப் பற்றி இரண்டு கதைகள் தவறாமற் சொல்லப்படுகின்றன. ஒன்று, நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிச் சூத்திரங்களை அருளினார் என்பது. மற்றது, 1729 என்னும் வாடகை மோட்டார் வண்டி இலக்கத்தின் கதை. இரண்டும் கட்டுக்கதையல்ல. முன்னதை அவர் தாமே நம்பியிருந்தார். பின்னதை அவருடைய ஆசானும் நண்பருமான ஹார்டி எழுதிவைத்துள்ளார். ஆயினும் இவ்விரண்டோடு அவர் சரித்திரம் முடிந்துவிட்டதென்று கருதுவது, கோபுரத்தை வீதியில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புவது போலாகும். சிலேற்றுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்த மனிதரை இக்கதைகளிற் காண முடியாது. அவ்வுழைப்புக்குச் சான்றாக அவர் கையாலே கணித்த ஓர் அட்டவணை உண்டு. 1915ஆம் ஆண்டில் அச்சேறிய அவ்வட்டவணையில் 102 எண்கள் உள்ளன. இருந்திருக்க வேண்டிய ஓர் எண் அதில் இல்லை. அந்த எண்ணை மனத்திற் கொண்டு அன்னாரின் வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகின்றேன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22ஆந் திகதி ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டனார் வீட்டிற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்திலே புடைவை வியாபாரி ஒருவரின் கடையிற் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சந்நிதி வீதியிலே திண்ணையோடு கூடிய சிறு வீடு. வருவாய் போதாமையால் வெளியூர் மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, அதனால் வந்த காசையுஞ் சேர்த்தே குடும்பம் நடந்தது. அவ்வாறு தங்கியிருந்த கல்லூரி மாணவர்களின் கணித அறிவையெல்லாம் சிறுவன் இராமானுஜன் விரைவிற் கேட்டுத் தீர்த்துவிட்டான். லோனி என்பவர் இயற்றிய திரிகோணகணித நூலை இரவல் வாங்கித் தானே கற்றான்.

பதினாறாம் வயதளவில், 1903இல், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று அவர் கைக்கு எட்டியது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான தேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்த நூல் அது. நிறுவல்கள் அதிற் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஓரிரு வரிதான். வேறொருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பார். இராமானுஜன் ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவ முனைந்தார். கடுதாசி விலை கூடியதாகையால் சிலேற்றிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி கணக்கிட்டு, முடிவை மாத்திரம் குறிப்பேட்டிற் பதிந்தார். அக்குறிப்பேடுகளில் வழி இல்லாமல் விடை மட்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிற்காலத்தார் அதைக் கண்டு, வழியே இல்லாமல் விடை வந்ததென்று எண்ணிவிட்டனர். வழி முழங்கையால் அழிந்துபோயிற்று, அவ்வளவே.

1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனஞ் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையிற் சித்தியெய்தாமையால் உபகாரச் சம்பளம் போயிற்று. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே உடற்றொழிலியல் என்னும் பாடம் அவரைப் படாத பாடு படுத்தியது. எவ். ஏ. பரீட்சையில் அவ்வாண்டுந் தவறினார், 1907இலுந் தவறினார்.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் எங்கள் மண்ணின் மைந்தர் இருவர்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறோல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் அமெரிக்க மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர்கள். பின்னவர் அட்சரகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதி 1855இலேயே வெளியிட்டவர். இதை மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றோம், சொல்லத் தக்கதுமே. ஆனால் அதே சர்வகலாசாலை அரை நூற்றாண்டின் பின் இராமானுஜனை இருமுறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. பரீட்சைப் புள்ளி ஒன்றையே துலாக்கோலாகப் பிடித்திருக்கும் எம் ஊரிலே, இவ்விரண்டு செய்தியையும் ஒரே மூச்சிற் சொல்லுவார் அரியர்.

அதன்பின் வந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். 1909இல் ஜானகி என்னும் சிறுமியை மணஞ் செய்து வைத்தார்கள். உத்தியோகந் தேடி அலைந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய இராமசுவாமி ஐயரைக் கண்டார். அவர் வழியாகவும் பிறர் வழியாகவும் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் ஆதரவு கிட்டியது. 1911இல் முதலாவது ஆராய்ச்சிக் கட்டுரை அக்கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. 1912 மார்ச் மாதத்திலே சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபா வேதனத்துக்கு எழுதுவினைஞரானார். 1913 ஜனவரி 16ஆந் திகதி கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலிருந்த ஹார்டிக்குத் தம் தேற்றங்கள் பலவற்றை எழுதி அனுப்பினார். முன்னர் வேறு ஆங்கிலப் பேராசிரியர்க்கு எழுதியும் பயன் விளைந்திருக்கவில்லை. ஹார்டியும் அவர் நண்பர் லிற்றில்வுட்டும் ஓர் இரவு அக்கடிதத்தை ஆராய்ந்து, எழுதியவர் முதற்றரக் கணிதர் என்று கண்டுகொண்டனர். பட்டமில்லாத எழுதுவினைஞருக்குச் சென்னைச் சர்வகலாசாலையும் அவ்வாண்டே மாதம் 75 ரூபா ஆராய்ச்சிச் சம்பளம் வழங்க முன்வந்தது. கடல் கடத்தல் ஆகாதென்ற தடை தாயாரின் சம்மதத்தால் நீங்க, 1914 மார்ச் 17இல் ‘நெவாசா’ என்னுங் கப்பலேறினார்.

இனி நாம் எடுத்துக்கொண்ட அட்டவணைக்கு வருவோம்.

திருநெல்வேலிச் சந்தையிலே 60 கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைக் கூறு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாகக் கூறிடலாம், மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஆறாகக் கூறிடலாம், 10, 12, 15, 20, 30 ஆகவுங் கூறிடலாம். ஒரே கூறாகவும் விடலாம், தனித்தனி 60 ஆகவும் வைக்கலாம். ஆக 12 வகை. ஒரு பழத்தை எடுத்துவிட்டு 59 ஆக்கினாலோ, ஒன்றைச் சேர்த்து 61 ஆக்கினாலோ, ஒரே கூறு அல்லது தனித்தனிப் பழம் என்பதன்றி வேறு வழியில்லை. 59உம் 61உம் முதன்மை எண்கள். தமிழகத்தார் பகா எண் என்பர். 60க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலுஞ் சிறிய எல்லா எண்களையும் காரணித் தொகையில் வென்று நிற்கும் எண்களைத் தனி இனமாகப் பிரித்து ஆராய்ந்தவர் இராமானுஜன். அவர் ஆங்கிலத்திலிட்ட பெயரை நாம் மிகுபகு எண்கள் எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவை தொடரும். நம் பஞ்சாங்கத்தைத் திறந்தால் இவற்றிற் பல அங்கே குடியிருக்கக் காணலாம்: 12 இராசி, நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், 60 வருடச் சுற்று, இராசி மண்டலத்துக்கு 360 பாகை. பங்கிட வசதியான எண்ணையே முன்னோர் அளவைக்குத் தெரிந்தெடுத்தனர் போலும்.

சிறிய எண்ணென்றால் கூறுபோட்டுப் பார்க்கலாம். கோடிக்கணக்கான எண்ணுக்குக் காரணிகளை எண்ணுவது எப்படி? அதை முதன்மை எண்களாக உடைக்க வேண்டும். 60 என்பது 2 இருமுறை, 3 ஒருமுறை, 5 ஒருமுறை பெருகியது. 60இன் காரணியொன்றை ஆக்குகையில் 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வழி. 3ஐ விடலாம் அல்லது எடுக்கலாம், இரண்டு வழி. 5க்கும் இரண்டு வழி. மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்க 12. இனி 90ஐப் பாருங்கள்: 2 ஒருமுறை, 3 இருமுறை, 5 ஒருமுறை. அதற்கும் 12 காரணிகளே. ஆனால் இருமுறை வரும் பேற்றை 3இடமிருந்து வாங்கி 2இடங் கொடுத்தால், காரணித் தொகை குறையாமலே எண் 60 ஆகச் சிறுத்துவிடும். ஆகவே 90 மிகுபகு எண் ஆக மாட்டாது. இவ்விதமாக, மிகுபகு எண்ணிலே சிறிய முதன்மை எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்குக்குக் குறையாது, படி இறங்குவது போலவே அடுக்குகள் இறங்கிச் செல்லும் என்று அவர் நிறுவினார். கடைசி முதன்மை எண் ஒரேயொரு முறைதான் வரும் என்றும் நிறுவினார். அதற்கு விலக்கு 4உம் 36உம் மாத்திரமே. எண்ணிறந்த எண்களுள் இரண்டே இரண்டுக்கு விலக்களிக்கும் விதி! கணிதம் பயில்வோர் இவ்விடத்திற் சற்றே நின்று போவர்.

இத்தகைய எண்கள் மிக அரியவை. பத்து இலட்சத்துக்குள்ளே, 1ஐயுஞ் சேர்த்து, 38தான் உண்டு. அடுத்தது எதுவென்று நேரே சொல்லிவிடும் சூத்திரம் இராமானுஜனிடமும் இருக்கவில்லை. தகுதியுள்ள எண்களை ஒவ்வொன்றாக அமைத்து, காரணித் தொகை கண்டு, ஒப்பிட்டு, தோற்றவற்றை நீக்கி, வென்றவற்றைப் பதிய வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்திலே அவர் இவ்வாறு 6,746,328,388,800 வரையிற் சென்றார். ஆறு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்துச் சொச்சங் கோடி! அவ்வெண்ணின் காரணிகள் 10,080.

விடுபட்ட எண் எதுவெனில், 293,318,625,600. இதனை உடைத்தால் 2 ஆறுமுறை, 3 நாலுமுறை, 5 இருமுறை, 7 இருமுறை, பின்பு 11, 13, 17, 19 ஒவ்வொருமுறை வரும்; படி ஒழுங்காக இறங்குகின்றது. வழிகளைப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5,040 காரணிகள். அந்த 5,040உம் ஒரு மிகுபகு எண். அதற்கு 60 காரணிகள், 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. இவையெல்லாம் மிகுபகு எண்களே. இத்துணை இலட்சணமும் பொருந்திய எண் அட்டவணையிற் காணோம். இன்னும் வியப்பு என்னவென்றால், இதனை 23ஆற் பெருக்கிப் பாருங்கள்: அட்டவணையின் கடைசியில் நிற்கும் அதே 6,746,328,388,800 வரும். பேரன் பந்தியில் இருக்கிறான், பாட்டனுக்கு இலை போட மறந்துவிட்டது.

அவர் நிறுவிய தேற்றம் எதுவும் இதனாற் பழுதுபடவில்லை. நூறு எண்களுக்கு மேல் கையாற் கணித்த ஒருவருக்கு ஓரிடத்திலே கண் தவறியது, அவ்வளவே. ஆயினும் அவ்வட்டவணையில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த வெற்றிடந்தான். கனவிலே ஒப்புவிக்கப்பட்டதை அப்படியே எழுதி வைத்த பட்டியலானால் அங்கே இடைவெளி விழக் காரணமில்லை. நித்திரை விழித்து, கணக்கிட்டு, களைத்துப்போன கைக்கே அது நேரும். நாமகிரித் தாயாரின் அருளை மறுக்கின்றேன் என்று பெரியோர் கொள்ளலாகாது. தம் கணிதம் தாயாரின் பிரசாதம் என்று இராமானுஜன் மனதார நம்பினார். அந்நம்பிக்கை அவருக்குத் தென்பு கொடுத்தது. எனினும் பிரசாதம் வாங்கவும் வரிசையில் நிற்கத்தானே வேண்டும்? நின்ற நேரத்தை மறைத்துவிட்டு அருளை மட்டும் சொன்னால், கேட்கும் மாணவன் தனக்குக் கனவு வரவில்லையே என்று கணிதப் புத்தகத்தை மூடிவிடுவான். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை; எங்கள் வகுப்புகளிலேயே கண்டது.

அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட அக்கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் 1915இல் வந்தது. யுத்த காலம், கழகத்தின் கையிருப்போ குறைவு. ஆகவே கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. வந்த பகுதியே போதுமாயிற்று. 1916 மார்ச் மாதத்திலே, அவ்வாராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பீ. ஏ. பட்டம் அளித்தது. எவ். ஏ. பரீட்சையில் இருமுறை தவறியவர் மிகுபகு எண்களின் முதுகிலேறிப் பட்டதாரியானார்.

பின்னர் ஹார்டியுடன் சேர்ந்து எண்களின் பிரிவினையை ஆராய்ந்தார். 4 என்னும் எண்ணைக் கூட்டுத்தொகையாக ஐந்து விதமாக எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200ஐ எத்தனை விதமாக எழுதலாம்? மக்மகன் என்பவர் கையாலே கணித்துக் கண்ட விடை 3,972,999,029,388. இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட சூத்திரம், எட்டே உறுப்புகளைக் கூட்டி, இவ்வளவு பெரிய எண்ணைத் தசமத்தின் பின் சிறு பிசகு மாத்திரம் இருக்கும்படி தந்துவிட்டது. அவ்வாண்டிலேயே றோயல் சொசைற்றி அவரை அங்கத்தவராகத் தெரிந்தது. ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியும் தன் அங்கத்தவராக்கியது. அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

பெருமை வந்தபோது உடல் போய்க்கொண்டிருந்தது. சைவ உணவைத் தாமே சமைத்து உண்டவர். யுத்தத்தால் காய்கறிக்குந் தட்டுப்பாடு. குளிரோ பொறுக்க முடியாதது. 1917 முதல் வைத்திய விடுதி மாறி வைத்திய விடுதியாக வாழ்ந்தார். காசம் என்று அக்கால வைத்தியர் கருதினர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஆராய்ந்த வைத்திய அறிஞர் ஒருவர் கருதினார்.

இலண்டனை அடுத்த பற்னியில் அவர் நோயாளியாய்க் கிடந்தபோது நிகழ்ந்ததுதான் 1729இன் கதை. வந்த வண்டியின் இலக்கம் சுவையற்றதாய்த் தோன்றியதென்று ஹார்டி சொல்ல, அது இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவிதத்தில் எழுதத்தக்க எண்களுட் சிறியது என்று இராமானுஜன் திருத்தினார். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. காரணிகளை எண்ணினால் இது ஏழை எண்: 7, 13, 19 மூன்றும் பெருகி வருவது, எட்டே காரணிகள். ஆயினும் வேறு செல்வம் உண்டு. இலக்கங்களைக் கூட்ட 19; 19ஐத் திருப்பிப்போட 91; 19ஐ 91ஆற் பெருக்க 1729. முதன்மை எண்போல வேடமிட்டுச் சோதனையிலே தப்பிவிடும் கார்மைக்கேல் எண்களில் இது மூன்றாவது. கனங்களைப் பற்றிய உண்மையைப் பிரான்சு தேசத்துப் பிரெனிக்கிள் 1657இலேயே அறிந்திருந்தார். இராமானுஜனும் அதைப் படுக்கையில் அந்தக் கணத்தில் கண்டவரல்லர். 9இன் கனமும் 10இன் கனமும் கூடி 12இன் கனத்தை ஒன்றால் மிஞ்சுவது போல, ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் கனக் கூட்டங்களை முடிவின்றி ஆக்கித்தரும் வழியொன்று அவருடைய கடைசிக் காலத்துத் தாள்களிற் காணப்படுகின்றது. பழகிய எண்ணாகையால் வண்டியில் வந்ததும் இனங்கண்டுகொண்டார்.

1919 மார்ச்சில் தாயகம் மீண்டார். எலும்புந் தோலுமாய் வந்தவர் கணிதத்தை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலே, போலித் தீற்றாச் சார்புகள் எனத்தக்க முற்றிலும் புதியதொரு துறையைத் திறந்து வைத்தார். அவ்வாண்டு ஏப்ரில் 26ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டிலே காலமானார். வயது 32.

அவருடைய தாள்கள் சென்னைச் சர்வகலாசாலைக்கும், அங்கிருந்து ஹார்டிக்கும் சென்றன. அவற்றுள் ஒரு கட்டு திரினிற்றிக் கல்லூரி நூலகத்திலே கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் அன்றூஸ் கண்ணிற் பட்டது. யுத்த காலத்தில் அச்சேறாது நின்ற மிகுபகு எண்களின் பிற்பகுதியும் எஞ்சிய தாள்களிடையே இருந்தது. பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலாவும் றொபினும் அதற்குக் குறிப்புரை வரைந்து, இராமானுஜன் பெயரிலேயே நடைபெறும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் 1997இல் வெளியிட்டனர். 82 ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள் அவை. சென்னையிலே தையல் வேலை செய்து சீவித்து, வளர்ப்பு மகன் ஒருவனையும் ஆளாக்கிய ஜானகி அம்மாள் அதற்கு மூன்றாண்டு முன்னர், 1994இல், காலமாகியிருந்தார்.